அரங்கமும் இல்லமும்: பன்சி சந்திரகுப்தாவின் திரைக்கலைப் பணி

இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் நிறைய எழுதப்பட்டுள்ளன. கதைமாந்தர் வாழும் வீட்டையும் தெருவையும் அமைத்துத் தரும் கலைஞரின் வரலாறோ பெரும்பாலும் படத்தின் தொடக்கத்தில் தோன்றி மறையும் ஒற்றை வரியாகவே நின்றுவிடுகிறது. அவ்வரிக்குரியோருள் தலையாய ஒருவர் பன்சி சந்திரகுப்தா (1924–1981). 'பதேர் பாஞ்சாலி' முதல் 'சத்ரஞ்ச் கே கிலாடி' வரை சத்யஜித் ரேயின் முதன்மையான படங்கள் பலவற்றுக்குக் கலை இயக்குநராக இருந்தவர். பம்பாயில் பணியாற்றிய காலத்தில் பிலிம்பேர் விருதை மூன்று முறை பெற்றவர். இவருடைய பணி வாழ்வைத் தொடர்ந்து செல்வதோடு, இத்தகைய பணி ஏன் எளிதில் பதிவு பெறுவதில்லை என்னும் வினாவுக்கு விடை காணவும் இக்கட்டுரை முற்படுகிறது. விடையின் ஒரு பகுதி நம் சொல் வழக்கிலேயே உள்ளது என்பது என் கருத்து. ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

தொழிலுக்குரிய பெயர்

அமெரிக்க ஆஸ்கர் விருதில் இத்துறைக்குரிய பரிசு, 1941ஆம் ஆண்டுப் படங்கள் முதல், அரங்கைத் திட்டமிடும் கலை இயக்குநருக்கும் அதனுள் இருக்கை, திரைச்சீலை, விளக்கு முதலியவற்றைத் தேர்ந்து வைக்கும் அலங்கரிப்பாளருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டு வந்துள்ளது. இருவர் பணியும் வேறு வேறு என்பது அங்கு ஏற்கப்பட்ட வழக்கு. அலங்கரிப்பாளராக மட்டுமே பணியாற்றி எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற எட்வின் வில்லிஸ் போன்றோர் அங்கு உண்டு. இந்தியாவில் இப்பாகுபாடு நெடுங்காலம் வேரூன்றவில்லை. சுவரை எழுப்புபவரும் சுவரில் மாட்டும் படத்தைத் தேடிக் கொணர்பவரும் பெயரளவில் ஒருவரே.

வங்கப் படங்களின் பெயர்ப்பட்டியலில் இப்பணி 'சில்ப நிர்தேசனா' எனக் குறிக்கப்படுவதுண்டு. தமிழ் வாசகர் இங்குச் சற்று நிற்றல் வேண்டும். 'சில்ப' என்னும் வடசொல் தமிழில் 'சிற்பம்' என வந்து, கல்லிலும் உலோகத்திலும் மரத்திலும் வடிக்கப்படும் உருவம் என்ற அளவில் பொருள் சுருங்கிவிட்டது. வங்கத்திலோ அது கலை முழுவதையும் குறிப்பதோடு தொழிலையும், ஆலைத் தொழில் உட்பட, குறிக்கும். கலையும் கைத்தொழிலும் ஒரே சொல்லில் அடங்கும் வழக்கு, பன்சி செய்த வேலைக்கு நன்கு பொருந்துகிறது.

தமிழ்த் திரையுலகினர் பேச்சில் இன்றும் 'செட்' என்பதே வழக்கு. 'அரங்கம்', 'அரங்க அமைப்பு' என்பன எழுத்து வழக்கு. 'செட்' என்னும் பெயரோடு சேரும் வினையைக் கவனிக்க வேண்டும். செட் 'போடுகிறார்கள்'. பந்தல் போடுதல், கொட்டகை போடுதல், மேடை போடுதல், வேடம் போடுதல் என்ற வரிசையில் இது அமைகிறது. வீடும் கோயிலும் 'கட்டப்படுகின்றன'. சாலை போடுதல், தோட்டம் போடுதல் போன்ற விலக்குகள் உண்டு. வேடத்தைக் 'கட்டுவோரும்' உண்டு. எனினும் பிரித்து அகற்றப்படுவதற்கென்றே எழுப்பப்படுவது 'போடப்படுவது' என்னும் உணர்வு இவ்வழக்கில் தெளிவாகவே உள்ளது. இதன் நீட்சியாக, 'சினிமா செட் மாதிரி இருக்கிறது' என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், அது பளபளப்பானது, ஆனால் யாரும் வாழாதது என்ற இரு குறிப்புகளும் சேர்ந்தே வருகின்றன. செட் என்று கண்ணுக்குப் புலப்படுவதைப் பாராட்டவும் பழிக்கவும் நம்மிடம் தொடர்கள் உள்ளன. செட் என்று புலப்படாமல் நிற்பதைக் குறிக்க ஒரு சொல்லும் இல்லை. பன்சியின் வாழ்நாட் பணி இப்பெயரில்லாத வகையைச் சார்ந்தது.

காஷ்மீரிலிருந்து கல்கத்தாவுக்கு

பன்சி 1924இல் சியால்கோட்டில் பிறந்து காஷ்மீரில் வளர்ந்தவர், வங்காளி அல்லர். ஓவியராக வேண்டும் என்ற விருப்பம் உடையவராயிருந்தார். தாகூர் குடும்பத்து ஓவியரான சுபோ தாகூரின் தொடர்பே அவரைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தது. 1940களின் கல்கத்தா பஞ்சத்தையும் கலவரத்தையும் பிரிவினையையும் அடுத்தடுத்துக் கண்ட நகரம். அதே நகரம்தான் புதிய ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் திரைப்பட ஆர்வத்துக்கும் களமாயிருந்தது. 1947இல் சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கியபோது பன்சியும் அக்குழுவில் இருந்தார். அடுத்து, தாகூரின் 'கரே பாய்ரே' நாவலைப் படமாக்கும் திட்டம் ஒன்று நண்பர்களிடையே உருவாயிற்று, அது கைகூடவில்லை. அந்நாவலை ரே 1984இல் படமாக்கியபோது பன்சி உயிருடன் இல்லை.

1949–50இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்தை ஹூக்ளி ஆற்றங்கரையில் எடுத்தார். அப்படத்தின் அரங்க வடிவமைப்பாளர் யூஜின் லூரியே. ரெனுவாரின் 'லா கிராந்த் இல்யூசியோன்' (1937), 'லா ரெக்ல் து ழே' (1939) ஆகியவற்றுக்கு அரங்கம் அமைத்தவர் இவரே. பன்சி இவரிடம் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னாளில் ரேயின் ஒளிப்பதிவாளரான சுப்ரத மித்ரா அப்படப்பிடிப்பை அருகிருந்து நோக்கிக் குறிப்பெடுத்ததும் அப்போதுதான்.

அக்கால இந்திய ஸ்டூடியோக்களில் அரங்கம் என்பது பெரிதும் நாடக மேடையின் வழிவந்தது: தீட்டிய திரை, ஒட்டுப்பலகைச் சுவர், சிதையாத பூச்சு, எங்கும் சீராகப் பரவிய வெளிச்சம். இம்மரபை இழிவாகக் கூறுவது என் நோக்கமன்று. ஜெமினியின் 'சந்திரலேகா'வில் (1948) ஏ. கே. சேகர் அமைத்த முரசு நடனக் காட்சி, அரங்கம் தன்னை அரங்கம் என்று பறைசாற்றிக்கொள்ளும் கலையின் உச்சம். பன்சி நாடியது வேறு. எந்த அறையிலும் முன்னர் வாழ்ந்தவர்களின் தடயம் இருக்க வேண்டும்: கைபட்டுக் கறுத்த கதவு, மழைநீர் வழிந்த கறை, விளக்குப்புகை ஏறிய மூலை. புதியதைப் பழையதாக்குவதே அவர் தொழிலின் பெரும்பகுதியாயிற்று. புதுச் சுவரைப் பூசுவது கொத்தனாருக்குப் பழகிய வேலை. ஐம்பது ஆண்டு மழையை ஒரு வாரத்தில் சுவரில் ஏற்றுவது அப்படியன்று.

காசியில் இல்லாத முற்றம்

'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பு 1952இல் தொடங்கிப் பணமின்மையால் பலமுறை நின்று, மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் முடிந்து, 1955இல் வெளிவந்தது. அக்குழுவில் தொழில் அனுபவம் உடையோர் மிகச் சிலரே. படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் பன்சியும் அச்சிலருள் அடங்குவர். கல்கத்தாவை அடுத்த போரால் என்னும் சிற்றூரில் ஒரு பாழ்வீட்டை வாடகைக்கு எடுத்து, கதையின் தேவைக்கேற்பத் திருத்தியமைத்தனர். இரவுக் காட்சிகள் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டன. அதாவது பகலில் நாம் காணும் வீடு ஓர் ஊரிலும், இரவில் காணும் அதே வீடு நகரத்துக் கூரையொன்றின் கீழும் இருந்தன. மழையிரவில் துர்க்கா நோயுற்றுக் கிடக்கும் காட்சியில் இவ்வேறுபாட்டைக் கண்டவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. பொருத்து வாய் தெரியாத இவ்விணைப்பே பன்சியின் முதற் பெருஞ்செயல்.

அடுத்து வந்த 'அபராஜிதோ' (1956) இன்னும் கடினமானது. ஹரிஹரின் குடும்பம் காசியில் குடியேறும் வீடு, அந்நகரத்துப் பழைய வீடுகளைப் போல, நடுவில் முற்றமும் சுற்றிலும் உயர்ந்த சுவர்களும் உடையது. இத்தகைய வீட்டில் வெயில் நேராக விழுவது குறைவு. வானத்தின் வெளிச்சம் மட்டும் மேலிருந்து சீராக இறங்கும். அதில் அழுத்தமான நிழல் கிடையாது. முற்றத்தைத் திறந்த வெளியில் அமைப்பதென்றே முதலில் திட்டமிட்டனர். பருவமழை அச்சத்தால் பன்சி அதைக் கைவிட்டுக் கல்கத்தா ஸ்டூடியோ ஒன்றின் உள்ளே அமைத்தார். ஒளிப்பதிவாளர் மித்ரா இதை ஏற்கவில்லை. நிழலற்ற வானொளியை ஸ்டூடியோ விளக்குகளால் உண்டாக்கவே முடியாது என்று ரேயிடமும் பன்சியிடமும் வாதிட்டதாகவும், வாதம் எடுபடவில்லை என்றும் அவரே பின்னாளில் கூறியுள்ளார். வேறு வழியின்றி அவர் முற்றத்தின் மேல் வெண்துணியைக் கூரைபோல விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி முற்றமெங்கும் மென்மையாகப் பரவியது.

திரைப்பட வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை ஒளிப்பதிவுக் கலையின் கண்டுபிடிப்பாகக் குறிக்கின்றன. அது சரியே, மித்ராவின் பெருமை அதனால் சிறிதும் குறைவதில்லை. ஆனால் அக்கண்டுபிடிப்பைத் தேவையாக்கியது ஓர் அரங்கம் என்பதையும் அவ்வரலாற்றில் சேர்த்தல் வேண்டும். மழைக்கு அஞ்சி எடுத்த நடைமுறை முடிவு அது. அம்முடிவுக்குப் பின் வேறோர் அச்சமும் இருந்திருத்தல் வேண்டும். வானொளி போலி எனத் தெரிந்துவிட்டால் சுவரும் போலி எனத் தெரிந்துவிடும். ஆகவே அரங்கம் அமைத்தவரின் உழைப்பு முழுவதும், வாதத்தில் தோற்ற ஒளிப்பதிவாளரின் கையில் இருந்தது. ஒருவர் வேலை மற்றவர் வேலைக்குள் மறைந்து நிற்கும் இத்தகைய இடங்களில் யாருடைய பெயரால் வரலாறு எழுதுவது?

ஒரு சொந்தச் செய்தி. மாணவப் பருவத்தில் திரைப்படச் சங்கமொன்றில் இப்படத்தைக் கண்டேன். பின்னர் மொழிக் களப்பணிக்காகக் காசிக்குச் சென்றபோது, படித்துறைகளை அடுத்த சந்துகளில் அம்முற்றம் எங்காவது இருக்கும் என்று ஓய்வு நேரத்தில் தேடினேன். அதைப்போன்ற முற்றங்கள் பல இருந்தன. ஒவ்வொன்றும் சற்றே வேறாயிருந்தது. அது கல்கத்தாவில் எழுப்பப்பட்டது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. சற்று வெட்கமாக இருந்தது.

அறையும் மனமும்

'ஜல்சாகர்' (1958) எடுக்க முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பத்மா ஆற்றங்கரையில் உள்ள நிம்திதா மாளிகை கிடைத்தது. அழிந்துவரும் ஜமீன்தாரின் கதைக்கு ஆறு அரித்துவரும் நிலத்தில் நிற்கும் அம்மாளிகையினும் பொருத்தமான இடம் இராது. எல்லாம் பொருந்தியும், கதையின் உயிர்நாடியான இசைக்கூடம் மட்டும் ஸ்டூடியோவில் எழுப்பப்பட்டது. சரவிளக்கு, பெரிய நிலைக்கண்ணாடி, முன்னோர் படங்கள் ஆகியவை அக்கூடத்தில் நடிகருக்கு இணையாக இயங்குகின்றன. ஜமீன்தாரின் சொந்த உருவப்படத்தின்மீது சிலந்தி ஊர்வதும், விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைவதும், பொருள்களைத் தெரிந்து வைத்தவரின் துணையின்றி எழுத்தில் மட்டும் இருந்திருக்கக்கூடிய காட்சிகள்.

'சாருலதா' (1964) பன்சியின் பணியில் முதலிடம் பெறத் தக்கது எனக் கருதுகிறேன். தாகூரின் 'நஷ்டநீர்' என்னும் நெடுங்கதையைத் தழுவிய இப்படம் ஏறத்தாழ 1879–80 காலக் கல்கத்தாவில் நிகழ்வது. பூபதி தன் இல்லத்திலேயே அச்சகம் வைத்து ஆங்கில இதழ் நடத்துபவன். சாரு அவ்வீட்டின் தனிமையில் இருப்பவள். படத்தின் தொடக்கத்தில் பேச்சே இல்லாத சில மணித்துளிகள் உள்ளன. பூவேலை செய்துகொண்டிருந்த சாரு எழுந்து, கைப்பிடியுள்ள இரட்டைக்கண் ஆடியை எடுத்துக்கொண்டு, சன்னலுக்குச் சன்னல் ஓடித் தெருவில் செல்வோரை மரச்சட்டங்களின் இடுக்கு வழியே பார்க்கிறாள். பின்னர்த் தாழ்வாரத்தில் புத்தகம் படித்தபடி செல்லும் கணவன் அவளைக் காணாமலே கடந்து போகிறான். அவனையும் அவள் அக்கண்ணாடி வழியே பார்க்கிறாள்.

இக்காட்சியை இயக்குநரின் மேதைமைக்குச் சான்றாகவே எல்லோரும் எடுத்துக்காட்டுகின்றனர். அதன் அடிப்படையோ ஒரு வீட்டின் வரைபடம். அறைகள் ஒன்றினின்று ஒன்றுக்குத் திறக்க வேண்டும். சன்னல்கள் தெருப்பக்கம் வரிசையாக அமைய வேண்டும். தாழ்வாரம் நெடியதாக, இருவர் ஒருவரையொருவர் காணாமற் கடக்கும் அகலம் உடையதாக இருக்க வேண்டும். இவ்வரைபடம் இல்லையெனில் சாருவின் தனிமைக்கு நடந்து செல்ல வழியில்லை. அக்காலச் செல்வர் இல்லத்தின் கனத்த மரப்பொருள்களும் சுவரலங்காரமும் ஒருங்கே அமைந்து, வசதியே சிறையாவதைக் காட்டுகின்றன. இவ்வீட்டின் உட்புறம் ஸ்டூடியோவில் உருவானது.

ரே தாமே தேர்ந்த ஓவியர். படங்களின் காட்சிகளை வரைந்தே திட்டமிட்டவர். அவ்வாறாயின் இவ்வரங்கங்களில் பன்சியின் பங்கு எவ்வளவு என்ற ஐயம் எழுதல் இயல்பு. கோட்டோவியம் ரேயுடையதாயிருந்த இடங்கள் பல இருக்கலாம். ஆனால் கோட்டோவியத்தில் மரத்தின் கனமும் சுவரின் ஈரமும் இரா. அவற்றைத் தச்சரோடும் பூச்சு வேலைக்காரரோடும் நின்று வருவித்தவர் வேறொருவர். இருவர் பங்கையும் துல்லியமாகப் பிரித்துக் காட்ட இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, இயலாமையையே ஒருவர்க்குச் சாதகமான தீர்ப்பாக மாற்றாதிருத்தல் முறை.

பிற படங்களைச் சுருங்கச் சொல்லலாம். 'மகாநகர்' (1963) நடுத்தரக் குடும்பத்தின் இடநெருக்கடியைக் காட்டுவது. 'நாயக்' (1966) பெரும்பகுதி ஓடும் ரயிலில் நிகழ்வது. அப்பெட்டியை ஸ்டூடியோவில் உருவாக்கினார். அப்படத்திலேயே கதாநாயகன் பணத்தாள் குவியலுக்குள் புதைந்துபோகும் கனவுக்காட்சியும் உண்டு. 'கூப்பி காயின் பாகா பாயின்' (1969) அரசர்களும் பேய்களும் வரும் கற்பனைக் கதை. மிருணாள் சென்னின் 'பாயிஷே ஸ்ராவண்' (1960) படத்துக்கும் இவரே கலை இயக்குநர்.

பம்பாயும் விருதுகளும்

1970களை ஒட்டிப் பன்சி பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்குக் குமார் சஹானியின் 'மாயா தர்ப்பண்' (1972) போன்ற புதிய அலைப் படங்களுக்கும் வணிகப் படங்களுக்கும் ஒருசேரப் பணியாற்றினார். 1856ஆம் ஆண்டு லக்னோவைக் களமாகக் கொண்ட 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) அவரை மீண்டும் ரேயிடம் அழைத்து வந்தது. அபர்ணா சென் முதன்முதலில் இயக்கிய '36 சௌரங்கி லேன்' (1981) படத்தில், தனித்து வாழும் ஆங்கிலோ இந்திய ஆசிரியையின் பழைய குடியிருப்பு அவர் கைவண்ணம். முசாபர் அலியின் 'உம்ராவ் ஜான்' (1981) படத்திலும் அவர் பங்கு உண்டு. அப்படத்தின் கலை இயக்கத்துக்கான தேசிய விருது மஞ்சூருக்கு வழங்கப்பட்டது.

பன்சிக்குப் பிலிம்பேர் விருது கிடைத்த படங்கள் மூன்று: 'சீமா' (விருதாண்டு 1972), 'தோ ஜூட்' (1976), 'சக்ரா' (1982). முதலிரண்டின் பெயரும் இன்று திரை ஆர்வலருக்கே நினைவில் இருப்பது அரிது. 'பதேர் பாஞ்சாலி'யும் 'சாருலதா'வும் நாட்டின் சிறந்த படத்துக்குரிய குடியரசுத் தலைவர் தங்கப்பதக்கத்தைப் பெற்றன. 'அபராஜிதோ' 1957இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தை வென்றது. இவை யாவும் படத்துக்கு வந்தவை. தேசிய விருதுகளில் கலை இயக்கத்துக்கெனத் தனிப் பிரிவு 1970களின் இறுதியிலேயே ஏற்பட்டதால், அவருடைய வங்கப் பணிக்கு அவ்விருது கிடைக்க வழியே இருந்ததில்லை. பிலிம்பேரோ அப்போது இந்திப் படங்களை மையமாகக் கொண்டது. ஒருவருடைய விருதுப் பட்டியலை மட்டும் கொண்டு அவர் வரலாற்றை எழுதுவோமாயின் என்ன நேரும் என்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாம் விருதின் நிலை வேறு. ரவீந்திர தர்மராஜின் 'சக்ரா' பம்பாய்க் குடிசைப் பகுதி மக்களின் கதை. வறுமையை அழகுபடுத்தாமலும் அருவருப்பாக்காமலும் காட்டுவது அரங்கம் அமைப்பவருக்குக் கடினமான சோதனை. ஆறாண்டுகளுக்குப் பின் 'நாயகன்' (1987) படத்துக்காகத் தோட்டா தரணி தாராவியைச் சென்னையில் எழுப்பித் தேசிய விருது பெற்றதைத் தமிழ் வாசகர் அறிவர். அவ்வெற்றியை அறிந்தோர் 'சக்ரா'வையும் உடன் வைத்துப் பார்த்தல் பயனுடையது.

அவ்விருதைப் பெறப் பன்சி இல்லை. 1981 ஜூன் 27ஆம் நாள், அமெரிக்கா சென்றிருந்தபோது அங்கேயே காலமானார்.

எஞ்சியவை

கட்டிடக் கலைஞரின் கட்டிடம் நிற்கும். அரங்கக் கலைஞரின் கட்டிடம் படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கப்பட்டு, பலகை வேறோர் அரங்குக்குப் போய்விடும். எஞ்சுவது படச்சுருள் ஒன்றே. அதுவும் 1993 ஜூலையில் ஆபத்துக்குள்ளானது. இலண்டனில் ஹெண்டர்சன் படச்சுருள் ஆய்வகத்தில் நேர்ந்த தீ விபத்தில் அப்பு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் கடுமையாகச் சிதைந்தன. கருகிய சுருள்களை அமெரிக்கத் திரைப்படக் கல்விக்கழகத்தின் காப்பகம் பாதுகாத்து வைத்தது. மீட்கத்தக்க பகுதிகளை இத்தாலியின் பொலோன்யா நகரத்து ஆய்வகம் சட்டம் சட்டமாகச் செப்பனிட்டது. மீட்க முடியாதவற்றுக்குப் பிற பிரதிகளைப் பயன்படுத்தினர். 2015இல் புதுப்பித்த படங்கள் வெளியாயின.

முன்பு மங்கிய பிரதிகளில் சாம்பல் நிறப் பரப்பாகத் தெரிந்த சுவர்கள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. காசி முற்றத்தின் காரை உதிர்ந்த இடங்களைத் தனித்தனியே எண்ணலாம். அவை அனைத்தும் பன்சி வருவித்தவை என்று உறுதியாகக் கூறலாம். போரால் வீட்டின் சுவரில் தெரியும் விரிசல்களுள் எவை அப்பாழ்வீட்டில் முன்பே இருந்தவை, எவை பன்சியின் ஆட்கள் உண்டாக்கியவை என்பதைப் படத்தை எத்தனை முறை நிறுத்திப் பார்த்தும் என்னால் பிரித்தறிய இயலவில்லை.